மேடா, பள்ளமா? அச்சு உடைந்த நாணயத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். "டை பிரேக் சார், அச்சு உடைந்து வந்த காசு, லேசில் கிடைக்காது" என்றார் விற்றவர். விளிம்பை ஒட்டி ஒரு பிறைத் துண்டு அளவுக்கு எழுத்தே இல்லை, வழவழவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த இடம் மேடாக இல்லை, பள்ளமாக இருந்தது. யாரோ பட்டறை வைஸில் இறுக்கியோ சுத்தியலால் தட்டியோ நசுக்கியிருக்கிறார்கள். லேசில் கிடைக்காதது என்பது ஒரு வகையில் உண்மைதான். முந்நூறு ரூபாய்க்கு விலைபோன இரண்டு ரூபாய் தினமும் கிடைக்குமா என்ன?

அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க எனக்கு நாணயவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலறையில் இருக்கும் கொழுக்கட்டை அச்சை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் போதும். அச்சில் எங்கே குழி இருக்கிறதோ அங்கே கொழுக்கட்டையில் மேடு வரும். அச்சில் கீறல் விழுந்தால் கொழுக்கட்டையின் மேல் மெல்லிய வரப்பு ஒன்று எழும்பும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து போனால் மாவு அந்த இடத்தையும் நிரப்பிக்கொண்டு, வடிவம் எதுவும் இல்லாத ஒரு கட்டியாக வெளியே வரும். அச்சில் எது போனாலும் கொழுக்கட்டையில் அது கூடுதலாகத்தான் வரும். நாணயத்திலும் இதே கதைதான். மாவுக்குப் பதில் உலோகம், கைக்குப் பதில் பல டன் அழுத்தம்.

நாணயம் அடிக்கும் அச்சு, அதாவது டை, கடினப்படுத்திய எஃகுத் துண்டு. அதன் முகத்தில் உருவம் இடவலம் மாறி, குழிவாக இருக்கும். நம் காசில் மேடாகத் தெரியும் அசோகத் தூண் சிங்கங்கள் அச்சில் குழிகள். காசில் எழுத்துக்கும் உருவத்துக்கும் நடுவே கிடக்கும் வெற்றுப் பரப்புதான் அச்சின் உயரமான பகுதி. இதை மனதில் வாங்கிக்கொள்வது முதலில் கொஞ்சம் சிரமமாக இருக்கும், ஆனால் இனி வருவதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. தலைக்கு ஓர் அச்சு, பூவுக்கு ஓர் அச்சு. நடுவில் எழுத்தில்லாத வில்லை, அதைச் சுற்றி உலோகம் பிதுங்காமல் பிடித்துக்கொள்ளும் காலர் என்ற எஃகு வளையம். அழுத்தி ஒரு அடி, ஒரு காசு. நவீன இயந்திரங்களில் இது ஒரு நிமிடத்துக்குப் பல நூறு தடவை நடக்கிறது.

எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் லட்சக்கணக்கான அடி வாங்கினால் களைத்துப் போகும். இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் உடைகிறதே, அதே களைப்புதான். சூடேற்றிக் கடினப்படுத்தும்போது பதம் சரியாக அமையாத அச்சு சீக்கிரமே வெடிக்கும். அதிகமாகக் கடினமாகிவிட்டால் கண்ணாடி போல நொறுங்கும், குறைவாக இருந்தால் முகம் அமுங்கும். வில்லை வந்து சேராத நேரத்தில் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதும் உண்டு. இந்த மோதலுக்குப் பின் அடித்த காசுகளில் எதிர்ப்பக்க உருவத்தின் நிழல் மங்கலாகத் தெரியும், பல சமயம் முதல் வெடிப்பும் இங்கேதான் தொடங்கும். அதனால் நிழல் உருவம் தெரியும் காசில் வெடிப்பையும் தேடிப் பார்ப்பது சேகரிப்பவர்களின் வழக்கம்.

முதலில் வருவது மயிரிழை போன்ற வெடிப்பு. காசில் இது மெல்லிய, மேடான கோடாகத் தெரியும். ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடாது. வறண்ட கண்மாயில் மண் வெடித்திருக்குமே, அந்த மாதிரி லேசாக வளைந்து நெளிந்து போகும். பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி எழுத்துகளின் தலைகளைத் தொட்டுத் தொட்டு அடுத்த எழுத்துக்குத் தாவும். இதற்குக் காரணம் உண்டு. அச்சில் எழுத்துகள் வெட்டப்பட்ட இடங்களில் கூர்மையான மூலைகள் இருக்கின்றன, அழுத்தம் அங்கேதான் குவிகிறது. கண்ணாடியை வைரத்தால் கீறிவிட்டு உடைத்தால் கீறிய வழியே உடைவது போல, வெடிப்பு எழுத்து மூலைகளைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது.

புதிதாகத் தொடங்கியவர்கள் இதைப் பல விஷயங்களோடு குழப்பிக்கொள்வார்கள். கீறலைப் பிரிப்பது சுலபம். காசு வெளியே வந்த பிறகு விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும், கூர்ந்து பார்த்தால் ஏர் உழுத சாலின் இருபுறமும் மண் ஒதுங்கியிருப்பது போல இரண்டு ஓரத்திலும் உலோகம் லேசாக எழும்பியிருக்கும். ஆனால் மேடான கோடெல்லாம் வெடிப்பும் அல்ல. நாணயச்சாலையில் அச்சின் முகத்தை அவ்வப்போது தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்போது விழும் நுண்கோடுகளும் காசில் மேடாகத்தான் வரும். இங்கே ஒரு அழகான சோதனை இருக்கிறது. தேய்க்கும் கல்லோ தாளோ அச்சின் உயரமான பகுதியை மட்டுமே தொடும், குழிக்குள் இறங்காது. எனவே மெருகுக் கோடுகள் வெற்றுப் பரப்பில் மட்டும் ஓடி, உருவத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். வெடிப்பு அப்படி மரியாதை பார்க்காது. வெற்றுப் பரப்பு, எழுத்து, முகம் என்று எல்லாவற்றையும் கடந்து போகும். ஒரு மேட்டுக்கோடு உருவத்தின் மேலேயும் ஏறிப் போகிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெடிப்பு விளிம்பில் தொடங்கி உள்ளே போய் மீண்டும் விளிம்பைத் தொட்டுவிட்டால், நடுவில் மாட்டிக்கொண்ட எஃகுத் துண்டுக்கு இனிப் பிடிப்பில்லை. ஆனாலும் உடனே விழாது. சுற்றியுள்ள காலரும் அச்சைப் பிடித்திருக்கும் தாடையும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். தளர்ந்த பல் ஈறில் ஆடிக்கொண்டிருக்கிற நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் அடித்த காசில் அந்தத் துண்டில் இருந்த எழுத்துகள் அப்படியே இருக்கும், ஆனால் ஒரு நூல் உயரமாகவோ தாழ்வாகவோ பக்கவாட்டில் நகர்ந்தோ தெரியும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அனுபவம் வேண்டும். வெறும் வெடிப்பு என்று பலர் தள்ளிவிட்டுப் போகும் காசுகளில் சில இந்த வகையாக இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் துண்டு விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அந்த இடத்தில் விளிம்போடு சேர்ந்து ஓர் உலோகக் கட்டி வரும். ஆங்கிலத்தில் சேகரிப்பவர்கள் இதைக் 'கட்' என்கிறார்கள். தமிழில் எழுதும்போது இது ஒரு தொல்லை பிடித்த சொல். வெட்டு என்று பொருள் தரும் 'கட்'டையும் நாம் இதே இரண்டு எழுத்தில்தான் எழுதுகிறோம். அதனால் ஓரம் வெட்டுப்பட்ட வில்லையில் அடித்த காசையும் இதையும் ஒன்றாக நினைத்துப் பேரம் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் நேரெதிர். வெட்டுப்பட்ட காசில் உலோகம் குறைந்திருக்கும், எடையும் குறையும். அச்சு உடைந்த காசில் உலோகம் இடம் மாறியிருக்கிறதே தவிர, கூடவும் இல்லை குறையவும் இல்லை. எடை சரியாக இருக்கும். குழப்பத்தைத் தவிர்க்க இங்கே இதை உடைவுக் கட்டி என்றே சொல்கிறேன்.

உண்மையான உடைவுக் கட்டி எப்படி இருக்கும்? அது விளிம்பையும் அதை ஒட்டிய பரப்பில் கொஞ்சத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கும். மேற்புறத்தில் எழுத்தோ உருவமோ சுத்தமாக இருக்காது, ஏனென்றால் அங்கே அடிக்க அச்சே இல்லை. பல சமயம் அந்தப் பரப்பு லேசாகச் சொரசொரவென்று, அடிபடாத வில்லையின் பழைய தோலோடு இருக்கும். கட்டிக்குள் நுழையும் எழுத்து ஓரத்தில் துண்டாக நின்றுவிடும். இழுபட்டு, சப்பையாகி, நசுங்கி முடியாது. என்னுடைய முந்நூறு ரூபாய்க் காசில் எழுத்துகளின் ஓரம் வழிந்து பரவியிருந்தது. அதை அன்றே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, காசைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த சோதனை இதுதான், போலி செய்பவர்கள் அதிகமாகக் கோட்டை விடுவதும் இங்கேதான். தலைப் பக்க அச்சில் ஒரு துண்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடி விழும்போது உலோகம் அந்தக் காலி இடத்துக்குள் ஓடுகிறது. அதே நேரத்தில் பூப் பக்க அச்சு அதே இடத்தில் தன் குழிகளை நிரப்பிக்கொள்ள உலோகத்தைக் கேட்கிறது. எதிரே தாங்க எஃகு இல்லாததால் அழுத்தம் கிடைக்காது, பூப் பக்கக் குழிகள் முழுதாக நிரம்பாது. எனவே கட்டிக்கு நேர் எதிரே, மறுபக்கத்தில், எழுத்துகள் மங்கலாகவும் விளிம்பு தேய்ந்தது போலவும் இருக்கும். பெரிய கட்டி, ஆனால் மறுபக்கம் பளிச்சென்று முழுசாக இருக்கிறது என்றால் அங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். ஈயப்பற்றோ பசையோ வைத்து உருவாக்கிய கட்டியாக இருக்கலாம். அப்படிச் செய்தவற்றில் எடை கூடியிருக்கும், நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும், லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒட்டிய இடத்தில் ஒரு தையல் தெரியும். 1992 முதல் வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம். நகைக் கடைத் தராசு மாதிரி சின்னத் தராசு ஒன்று இருந்தால் இந்தச் சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். அந்தக் காசு காந்தத்தில் ஒட்டும். ஈயப்பற்று ஒட்டாது.

சின்னக் கட்டி என்றால் மறுபக்க மங்கல் தெரியாமலும் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விளிம்பைத் தொடாமல் நடுவில் மட்டும் சிறு பொடி உதிர்ந்த அச்சுகளும் உண்டு. எட்டு, ஒன்பது, பி, ஆர் போன்ற எழுத்து, எண்களின் மூடிய வட்டத்துக்குள் இருக்கும் சின்ன எஃகுத் தீவுதான் அச்சில் பலவீனமான இடம். அது உதிர்ந்தால் காசில் அந்த ஓட்டை அடைபட்டு ஒரு புள்ளியாக வரும். அமெரிக்காவின் லிங்கன் ஒரு சென்ட் காசில் 'லிபர்ட்டி' என்ற சொல்லில் பி எழுத்துக்கும் ஈ எழுத்துக்கும் நடுவே இப்படி உதிர்ந்து, ஆங்கில 'ஐ' ஒன்று கூடுதலாக நிற்பது போலத் தெரியும் காசுகள் ஏராளம், குறிப்பாக 1950களில். 'பி-ஐ-ஈ' என்றே அவற்றுக்குப் பெயர் வைத்துத் தனியாகச் சேர்க்கிறார்கள். விலை? பெரும்பாலும் சில டாலர்கள். அச்சு உடைவு என்றாலே லட்சம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

அதே லிங்கன் காசில் ஒரு பொறியும் இருக்கிறது. 1982இல் தொடங்கி அது துத்தநாகத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு போட்ட காசு. பூச்சுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டால் கொப்புளம் எழும்பும். மேடாகத்தான் இருக்கும், ஆனால் அது அச்சின் வேலை அல்ல. கொப்புளம் வழவழவென்று உருண்டையாக, தோசையில் எழும்பும் குமிழி போல இருக்கும். அச்சுப் பொடி உதிர்ந்த மேடு ஓரம் கூர்மையாக, ஒழுங்கற்று இருக்கும். இணையத்தில் அமெரிக்கக் காசு விற்பவர்கள் போடும் படங்களில் பாதிக்கு மேல் வெறும் கொப்புளம்தான் என்பது என் அனுபவம்.

எழுத்து காணாமல் போன காசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சின் குழிக்குள் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் உலோகம் உள்ளே போக முடியாது, அந்த எழுத்து வராது. அங்கே மேடு இருக்காது, வெறுமை மட்டும் இருக்கும். இதுவும் பிழைதான், ஆனால் உடைவு அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே காசில் எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசையாக இருந்தால், 1804ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் செம்புக் காசைப் போல வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். பிலடெல்பியா நாணயச்சாலை தொடங்கி அப்போது பன்னிரண்டு வருடங்கள்தான். அச்சுகளைக் கையால் செய்தார்கள். தலை உருவத்தைப் பதித்துவிட்டு எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பொறித்தார்கள். ஆகவே ஓர் அச்சு போல இன்னொன்று இருக்காது. நல்ல எஃகு கிடைப்பதே பாடு, பதம் போடுவதும் கைப்பழக்கம். அச்சு வெடித்தால் தூக்கிப் போட மனம் வராது. துண்டு விழுந்தாலும் மீதி முகம் இருக்கும்வரை அடித்தார்கள்.

1804 என்று பொறித்த அந்தச் சென்ட்கள் எல்லாம் ஒரே ஒரு ஜோடி அச்சிலிருந்து வந்தவை. எத்தனை அடித்தார்கள் என்பதற்குச் சுமார் 96,500 என்ற கணக்கைப் பொதுவாகச் சொல்வார்கள். முதலில் வந்த காசுகளில் அச்சு முழுசாக இருக்கிறது. கொஞ்ச காலத்துக்குப் பின் தலைப் பக்கத்தில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளான ஆர், டி, ஒய் மேல் விளிம்பு உடைந்து கட்டி வருகிறது. அதற்கும் பின்னால் பூப் பக்கத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லில் முதல் ஏயும் கடைசி ஏயும் தவிர்த்த ஐந்து எழுத்துகள் மேலும் உடைவு சேர்ந்துகொள்கிறது. முழுசு, ஒரு பக்க உடைவு, இரு பக்க உடைவு என்று மூன்று நிலை. காசில் தேதி 1804 என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது அந்த ஓட்டத்தின் தொடக்கத்தில் வந்ததா முடிவில் வந்ததா என்பதை உடைவு சொல்லிவிடுகிறது.

போலியைப் பிடிப்பதற்கும் இது உதவுகிறது. 1804 சென்ட் அரிதானது என்பதால் 1803 போன்ற ஆண்டுகளின் காசில் கடைசி எண்ணை மாற்றி விற்கும் வேலை ரொம்ப நாளாகவே நடக்கிறது. எல்லா அசல் காசும் ஒரே ஜோடி அச்சு என்பதால், எழுத்துகளின் இடமும் உடைவின் வடிவமும் அந்த ஜோடியோடு பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் தேதியை யாரோ திருத்தியிருக்கிறார்கள். 1860ஐ ஒட்டிய காலத்தில் நடந்த ஒரு கூத்தும் உண்டு. நாணயச்சாலை பழைய இரும்பாகக் கழித்துவிட்ட அச்சுகள் தனியார் கைக்குப் போயின. 1803ஆம் ஆண்டுத் தலை அச்சு ஒன்றை 1804 என்று திருத்தி, அதற்குச் சம்பந்தமே இல்லாத 1820ஆம் ஆண்டுப் பூ அச்சு ஒன்றைச் சேர்த்துச் சேகரிப்பவர்களுக்காகக் காசு அடித்தார்கள். அச்சுகள் துருப்பிடித்திருந்தன. துரு அரித்த குழிகள் காசில் என்னவாக வந்திருக்கும்? ஆமாம், மேடான பொடிப் பொடிப் புள்ளிகளாக. அந்தக் காசுகள் முழுக்க வேர்க்குரு வந்த முதுகு போல இருக்கும். கொழுக்கட்டை விதி துருவுக்கும் சேர்த்துத்தான்.

இதே காலத்துக் காசுகளில் உடைவுகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. 1807 சென்ட் ஒன்றில் லிபர்ட்டி தேவியின் (காசில் இருக்கும் சுதந்திர தேவி) தலைக்குப் பின்னால் வால் போல ஓர் உடைவு. அதே வருடம் வானில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. விடுவார்களா? 'காமெட்' என்றே பெயர். அதே வருடத்து அரை டாலர் ஒன்றில் தாடையை ஒட்டி வெடிப்பு ஓடி, தேவிக்குத் தாடி முளைத்துவிட்டது. 1804 அரை சென்ட் ஒன்றில் மோவாயிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். இது வெடிப்பு அல்ல. ஒரு திருகாணி அச்சில் மாட்டி அழுத்தியதால் வந்த காயம் என்பது விளக்கம், அதன் மரைத் தடங்கள்கூடக் காசில் தெரியும். அச்சு தானாக வெடித்ததா வெளியிலிருந்து காயப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க நல்ல உதாரணம். இன்னும் பின்னால் வந்தால், நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1888ஆம் ஆண்டு மார்கன் வெள்ளி டாலர் ஒன்றில் தேவியின் முகத்துக்குக் குறுக்கே பெரிய உடைவு ஓடுகிறது. வெட்டுக்காயம் பட்ட முகம் என்ற பொருளில் 'ஸ்கார்ஃபேஸ்' என்பார்கள். அதே ஆண்டு, அதே ஊர்ச் சாதாரண டாலரைவிடப் பல மடங்கு விலை போகும்.

ஏன் அதற்கு மட்டும் அந்த விலை, 'பி-ஐ-ஈ'க்கு ஏன் இல்லை? உடைவு பெரிதாக, வெறும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். அந்த வகையைப் பட்டியலிட்டுத் தேடுகிற ஆட்கள் ஒரு கூட்டமாவது இருக்க வேண்டும். மார்கன் டாலருக்கு வான் ஆலன், மாலிஸ் என்ற இருவர் ஒவ்வொரு அச்சையும் எண் போட்டுப் பிரித்து வைத்தார்கள். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'வாம்' என்ற சொல்லே உருவாகிவிட்டது. நம் குடியரசுக் காசுகளுக்கு அச்சு வாரியாக அப்படி எல்லோரும் கையாளும் எண் வரிசை இன்னும் இல்லை. அதனால் இங்கே ஓர் உடைவுக் காசின் விலை என்பது வாங்குபவரின் ஆசையும் விற்பவரின் வாய்ச்சாலகமும் சந்திக்கும் இடம், அவ்வளவுதான்.

அதற்காக நம்மிடம் உடைவுக் காசுகள் இல்லாமல் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முன்பு புழங்கிய செம்பு-நிக்கல் கலவையைவிடக் கடினமானது, அச்சுக்கு அது அதிக உழைப்பு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஸ்டீல் காசுகளைக் குவித்துவைத்துப் பொறுமையாகப் பார்த்தால் வெடிப்புகளும் அவ்வப்போது ஒரு கட்டியும் கண்ணில் படும். பார்க்கும்போது ஆண்டுக்குக் கீழே இருக்கும் நாணயச்சாலைக் குறியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வெடிப்பு இருந்தால், ஆண்டும் குறியும் ஒத்துப்போனால், அவை ஒரே அச்சின் பிள்ளைகள். தனிக் காசில் இருக்கும் மேட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். அதே மேடு இன்னொரு காசிலும் அச்சு அசலாக இருந்துவிட்டால் வாதத்துக்கு வேலையில்லை. சுத்தியலால் இரண்டு காசை ஒரே மாதிரி நசுக்க யாராலும் முடியாது.

பழைய காசுகளை ஆராய்பவர்கள் இதையே இன்னும் பெரிய அளவில் செய்கிறார்கள். ஆண்டு பொறிக்காத காசுகளில், ஒரே அச்சின் வெடிப்பு எதில் சின்னது எதில் பெரிது என்று பார்த்தே முன்னது பின்னது வரிசையைக் கட்டுகிறார்கள். ஆண்டு இல்லாத சோழர் செம்புக் காசுகளைக் குவியலாகப் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. தேய்மானம் அதிகம் என்பதால் பொறுமை மட்டும் இரண்டு மடங்கு வேண்டும்.

கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, நகை ஆசாரி கண்ணில் வைத்திருப்பது போன்றது. சாய்த்து வைக்கக்கூடிய ஒரே ஒரு விளக்கு. மேலிருந்து விழும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் மேட்டுக்கு விளக்கு இருக்கும் பக்கம் பளபளப்பும் மறுபக்கம் நிழலும் வரும், பள்ளத்துக்கு இது தலைகீழ். இதில் கண் நம்மை ஏமாற்றும் ஒரு வித்தையும் உண்டு. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை நினைத்துக்கொள்ளும். விளக்கைக் கீழ்ப்புறம் வைத்து எடுத்த படத்தில் பள்ளம் மேடு போலத் தோன்றும். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதே படத்தில் எழுத்துகளின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். எழுத்துகள் நிச்சயமாக மேடு. சந்தேகத்துக்குரிய இடத்தின் நிழலும் அதே பக்கம் விழுந்தால் அதுவும் மேடு. எதிர்ப்பக்கம் விழுந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு முன் காசைப் புளி போட்டுத் தேய்ப்பதையும் விபூதி வைத்து மினுக்குவதையும் விட்டுவிட வேண்டும். பாட்டி குத்துவிளக்குக்குச் செய்தது சரி. காசில் அடிபடாத வில்லையின் தோல், வெடிப்பின் கூர்மை என்று நாம் தேடும் ஆதாரமே அந்தத் தேய்ப்பில் போய்விடும்.

விலை பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய காசை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறார்கள். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. காசை வாங்குபவர் பணம் தருவார், கேட்க மாட்டார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த முந்நூறு ரூபாய்க் காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. யாராவது அச்சு உடைவு என்று ஏதாவது கொண்டுவந்தால் பக்கத்தில் வைத்துக் காட்ட உதவுகிறது. அதற்குப் பக்கத்திலேயே டீக்கடைச் சில்லறையில் செலவில்லாமல் வந்த ஒரு ரூபாய் ஒன்றும் கிடக்கிறது. விளிம்பில் தொடங்கி இரண்டு எழுத்துகளைத் தொட்டுவிட்டு மறுபடி விளிம்பை நோக்கி வளையும் மெல்லிய வெடிப்பு அதில். விளிம்பைத் தொட இன்னும் ஒரு எழுத்துதான் பாக்கி. அந்த அச்சு அதற்குப் பிறகும் ஓடியிருந்தால், துண்டு விழுந்த பின் அடித்த காசு எங்கேயோ யார் பையிலோ இருக்க வேண்டும். ஆண்டும் குறியும் எழுதிய சீட்டை பர்ஸில் வைத்திருக்கிறேன்.